கட்டம் போடுகிறவர் யார்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இப்போது ஒன்றுதான்: "அண்ணே, டேட்டா சயின்ஸ் எடுக்கலாமா?" உத்தரகோசமங்கை முதல் முதுகுளத்தூர் வரை, மானாவாரி நெல்லையும் மிளகாயையும் கருவேலக் கரி மூட்டத்தையும் நம்பி நிற்கும் வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. கேட்கிறவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள்.

புள்ளியியல் படித்துவிட்டு, இயந்திரக் கற்றல் மாதிரிகளைச் செய்யும் குழுக்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் பதில்: தாராளமாக எடுங்கள். ஆனால் படிப்பை முடித்து ஒரு வேலையில் சேர்வதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களில் சிலராவது ஆய்வு வரை போக வேண்டும். அப்படிப் போகவைப்பது சாதி ஒழிப்பு பேசும் ஒவ்வொரு இயக்கத்தின் பொறுப்பு.

ஏன் ஆய்வு? தரவுத் துறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தளங்கள் உண்டு. கீழ்த்தளத்தில் லேபிள் ஒட்டும் வேலை. படத்தில் இருப்பது மாடா, ஆளா, வண்டியா என்று நாளெல்லாம் குறித்துக்கொடுக்க வேண்டும். அதற்கு மேலே, யாரோ கொடுத்த தரவை யாரோ எழுதிய மென்பொருளில் போட்டு அறிக்கை எடுக்கும் வேலை. ஆறு மாதக் கோர்ஸ்கள் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த இரண்டில் ஒன்றில்தான். இவற்றுக்கும் மேலே ஒரு தளம் இருக்கிறது. எதை எண்ணுவது, எதை விடுவது, எதற்கு என்ன பெயர் வைப்பது, எது பிழை என்று தீர்மானிப்பது அங்கேதான். அட்டவணையில் கட்டம் போடுவது அங்கேதான். ஒரு காலத்தில் ஜாதகக் கட்டம் போட்டவர்கள் நம் தலைவிதியை எழுதியதாகச் சொன்னார்கள். இன்று தரவுக் கட்டம் போடுகிறவர்கள் உண்மையாகவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணத் தொடங்கும் முன்பே முடிந்துவிடும் கணக்கு

2021-இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னது. கையால் மலம் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது அந்தப் பதில். அதே பதிலில், 1993 முதல் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்றும் இருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

இது பொய்க்கணக்கு அல்ல. கூட்டலில் பிழை இல்லை. சட்டத்தின் சொற்களில் 'கையால் மலம் அள்ளுதல்' ஒரு கட்டம், 'சாக்கடையை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்' வேறொரு கட்டம். 941 உடல்களும் இரண்டாவது கட்டத்துக்குள் போய்விட்டன. முதல் கட்டம் பூஜ்யமாக நிற்கிறது. இந்தத் தரவை எடுத்து உலகின் மிகச் சிறந்த மாதிரிக்குக் கொடுத்தாலும், 'கையால் மலம் அள்ளுவதால் இந்தியாவில் சாவு இல்லை' என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு கணக்கு வந்தது. கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டவர்களில் 43,797 பேருக்குச் சாதி விவரம் இருந்தது. அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர். சாதி என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்தவுடன், 'வறுமையால் செய்யும் வேலை', 'யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை' என்ற பேச்சுக்கெல்லாம் ஒரே வரியில் முடிவு கட்டிவிட்டது அந்த எண்.

ஒரே அரசு, ஒரே ஆண்டு, ஒரே தொழில். ஒரு கட்டம் உண்மையை மூடியது, இன்னொரு கட்டம் திறந்தது. நான் தரவு அரசியல் என்று சொல்வது இதைத்தான்.

'மாதிரிக்குச் சாதி தெரியாது'

இயந்திரக் கற்றல் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய விண்ணப்பங்களையும் அவற்றுக்குக் கிடைத்த முடிவுகளையும் இயந்திரத்துக்குக் காட்டுகிறோம். எந்த மாதிரி விண்ணப்பத்துக்கு எந்த மாதிரி முடிவு வந்தது என்ற ஒழுங்கை அது கண்டுபிடித்துக்கொள்கிறது. அடுத்த விண்ணப்பம் வந்தால் அதே ஒழுங்கில் முடிவு சொல்கிறது. நேற்று நடந்ததை நாளைக்கும் நடத்துவதுதான் அதன் வேலை. நேற்று நம் நாட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சிறுகடன் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மாதிரி ஒன்று இருந்தது. விண்ணப்பத்தில் சாதிக்கு இடமில்லை. ஆனால் முகவரியில் உள்ள சொற்களையும் அந்த மாதிரி கணக்கில் எடுத்துக்கொண்டது. எந்தச் சொற்கள் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால், மேல்வரிசையிலேயே 'காலனி' இருந்தது. கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்: "மாதிரிக்குச் சாதி தெரியாதுங்க. அது வெறும் கணக்கு."

தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், ஊருக்கு வெளியே உள்ள முகவரியில் 'காலனி' என்ற சொல் எதைச் சொல்கிறது என்று. அது வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது என்பதால்தான் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் பெயர்ப்பலகையில் அழிக்கப்படும் சொல், பல ஆண்டுகளாகச் சேர்ந்த விண்ணப்பங்களில் அப்படியே இருக்கும். அந்தச் சொல்லையும் நீக்கிவிட்டால் மாதிரி பின்கோடைப் பிடித்துக்கொள்ளும். பின்கோடை நீக்கினால் படித்த பள்ளியைப் பிடிக்கும். தெரு, பள்ளி, தொழில், அப்பா பெயர் என்று சாதி நம் வாழ்க்கையில் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் மாதிரிக்கு ஒரு குறுக்குவழி உண்டு.

அந்தக் குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் 'காலனி' என்ற சொல்லைப் பட்டியலில் பார்த்ததும் சுருக்கென்று தைக்க, அந்த முகவரியில் வளர்ந்திருக்க வேண்டும்.

சராசரிக்குள் மறையும் தெரு

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 112 மாவட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். மருத்துவம், கல்வி, விவசாயம்–நீர், வங்கிச் சேவை–திறன் பயிற்சி, உள்கட்டமைப்பு என ஐந்து துறைகளில் 49 குறியீடுகள். அவற்றை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். எங்கள் மாவட்டம் ஏறியது, இறங்கியது என்று செய்தி வரும்.

அந்த எண்கள் மாவட்டத்தின் எண்கள். ஒரு மாவட்டத்தில் ஊரும் சேரியும் இருக்கின்றன. ஊர்த் தெருவில் குடிநீர்க் குழாய் நூற்றுக்கு நூறும் சேரித் தெருவில் பாதியும் வந்திருந்தால், சராசரி முக்காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த முக்கால் எந்தத் தெருவிலும் இல்லாத எண். 1957-இல் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட மண் இது. 2011 செப்டம்பர் 11 அன்று அவருடைய நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மண். இங்கே ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்காமல் எந்த வளர்ச்சியை அளந்தாலும் அது அரைக்கணக்குதான்.

வயலிலும் இதே கதை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல், கோதுமை மகசூலைக் கணிப்பதில் செயற்கைக்கோள் உள்ளிட்ட தொழில்நுட்ப முறைகளுக்குக் குறைந்தது 30 விழுக்காடு இடம் கொடுக்கப்பட்டது. மழை பொய்த்தால் பயிர் கருகும் எங்கள் மாவட்டத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. வானத்திலிருந்து வயலைப் பார்த்து மகசூலைக் கணக்கிடுவது நல்ல அறிவியல்தான். ஆனால் செயற்கைக்கோளுக்கு வயல் தெரியும், உழுகிறவர் தெரியாது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிற ஒரு தலித் விவசாயியின் பெயர் அடங்கலில் ஏறாவிட்டால், கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பணம் பட்டா வைத்திருப்பவரின் கணக்குக்குத்தான் போகும். துல்லியத்தைக் கூட்டுவது எப்படி என்று ஆராய நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் துல்லியத்தால் யாருக்குப் பயன் என்று ஆராய ஆட்கள் குறைவு.

சாதியின் பெயர்களே எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்கும் எங்கள் மாவட்டமே சாட்சி. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத் திருத்தம், பட்டியலில் தனித்தனியாக இருந்த ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயருக்குள் கொண்டுவந்தது. அந்த ஏழில் ஒன்று கடையர். ஆனால் ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் வாழும் கடையர்கள் அந்தப் பொதுப்பெயருக்குள் வரவில்லை. ஒரே பெயர், உள்நாட்டில் ஒரு கட்டம், கடலோரத்தில் வேறு கட்டம். டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இந்தத் தரவைச் 'சுத்தம்' செய்கிற ஒருவர், எழுத்துப் பிழை என்று நினைத்து இரண்டு வரிசையையும் ஒன்றாக்கிவிட முடியும். ஒரு விசைத் தட்டலில் ஒரு சமூகத்தின் கணக்கு மாறிவிடும்.

உத்தரகோசமங்கை என்றாலே எல்லோரும் மரகத நடராஜரைத்தான் சொல்வார்கள். ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருநாள் மட்டும் காப்பு களையப்படும் சிலை. அங்கே ஆண்டுக்கு ஒருமுறையாவது களைகிறார்கள். இந்தியாவின் சாதிக் கணக்கு 1931-க்குப் பிறகு முழுமையாகக் களையப்படவே இல்லை. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களும் வெளியாகவில்லை. இப்போது 2027 மார்ச் 1-ஐ மேற்கோள் நாளாக வைத்து நடக்கவுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். கிடைக்கப்போகும் அந்தத் தரவை வகைப்படுத்தப்போவது யார்? எந்தப் பெயரை எந்தப் பெயரோடு சேர்ப்பது என்று முடிவெடுக்கும் அறையில் நம்மவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இது நமக்குப் புதிய துறை அல்ல

'தரவு, கணிதம் எல்லாம் அவர்களுக்குத்தான் வரும்' என்ற பேச்சு நம் வீடுகளுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அயோத்திதாசப் பண்டிதர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை இழிபெயர்களால் பதியக்கூடாது, சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என்று குரல் கொடுத்தார். லேபிளை எதிர்த்து எழுந்த தொடக்ககாலக் குரல்களில் அது ஒன்று. எண்ணுவதற்கு முன் பெயர் யாருடையது என்று கேட்கத் தெரிந்தவர் அவர்.

அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1918-இல் அவர் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலங்கள் துண்டு துண்டாக இருப்பதுதான் விவசாயத்தின் நோய் என்று அன்றைய வல்லுநர்கள் ஏக்கர் கணக்கைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிலம் சிறியதா பெரியதா என்பதை ஏக்கரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதில் இடப்படும் உழைப்பையும் மூலதனத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும் என்று அம்பேத்கர் வாதிட்டார். நிலத்தை மட்டுமே நம்பித் தேங்கிக் கிடக்கும் உழைப்புதான் சிக்கல், தொழில்மயமாக்கலே மருந்து என்று முடித்தார். வல்லுநர்கள் கொடுத்த விடையோடு அவர் மல்லுக்கட்டவில்லை. அவர்களுடைய அளவுகோலையே கேள்வி கேட்டார். தரவு அறிவியலில் இதைவிடப் பெரிய பாடம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரக் கற்றலுக்கு இன்னும் நெருக்கமான ஒரு பெயர் வேண்டுமா? சென்னை ஐஐடியின் கணிதத் துறையில் பணியாற்றிய பேராசிரியர் வசந்தா கந்தசாமி. 'ஆம்–இல்லை' என்ற இரண்டு விடைக்குள் அடங்காத நிலைகளைக் கையாளும் ஃபஸ்ஸி, நியூட்ரோசோஃபிக் கணித முறைகள் அவருடைய துறை. அந்த முறைகளைக் கொண்டு, தீண்டாமை பற்றிய பெரியாரின் கருத்துகளை ஆராயும் நூலை 2005-இல் மற்ற இருவரோடு சேர்ந்து வெளியிட்டார். கிராமப்புறத் தமிழ்நாட்டின் புலம்பெயர் தொழிலாளர்களிடையே எச்ஐவி பற்றியும், இடஒதுக்கீடு பற்றியும் இதே வழியில் எழுதினார். தன் நிறுவனத்தில் சமூகநீதிக்காக நெடுங்காலம் போராடினார். அந்தப் போராட்டத்துக்கும் கணிதப் பணிக்குமாகத் தமிழ்நாடு அரசு 2006-இல் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி வாய் ஓயாமல் பேசும் நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

யார் பார்த்தால் பிழை தெரியும்?

முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைப் பெரிய நிறுவனங்கள் விற்றுக்கொண்டிருந்தன. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் அவற்றைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. இதைக் கண்டுபிடித்த இருவரும் கறுப்பினப் பெண்கள். அதுவரை அந்த மென்பொருள்களைச் செய்தவர்களுக்கு நிறத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய தேவை அவர்கள் வாழ்க்கையில் வரவில்லை.

மேற்கத்திய நாடுகளின் நிறம், பாலினம் என்ற அளவுகோல்களை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் இந்தியாவில் நடக்கும் பாகுபாடு பிடிபடாது என்று நித்யா சம்பசிவனும் அவருடைய குழுவினரும் 2021-இல் எழுதினார்கள். அதற்கான சான்றுகள் அதன் பிறகு வந்துகொண்டே இருக்கின்றன. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. 'சாக்கடை அள்ளுகிறவர்...', 'கற்றறிந்தவர்...' என்பதுபோன்ற வாக்கியங்களைத் தலித், பிராமணர் என்ற இரண்டில் ஒன்றால் நிரப்பச் சொன்னபோது, ஜிபிடி-5 மாதிரி 105 வாக்கியங்களில் 80-ஐ சாதிய வார்ப்பிலேயே நிரப்பியது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தி. ஆய்வு நல்கைக்கான விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் சீர்செய்ய சாட்ஜிபிடியிடம் கொடுத்தார் ஒரு தலித் சமூகவியலாளர். மொழியோடு அவருடைய குடும்பப் பெயரையும் அது சீர்செய்து 'சர்மா' ஆக்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறவர் என்றால் சர்மாவாகத்தான் இருப்பார் என்று இயந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் நாட்டு ஆய்வுத்துறையே சொல்லிக்கொடுத்தது.

வாசலில் நிறுத்தப்படுகிறவர்கள்

2019-இல் ஒன்றிய அரசு தந்த கணக்கின்படி 23 ஐஐடிகளில் ஆசிரியர்கள் 6,043 பேர். பட்டியல் சாதியினர் 149. பழங்குடியினர் 21. இருவரும் சேர்ந்து நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்த 25,007 பேரில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. சட்டப்படி இருக்க வேண்டியது 15-உம் 7.5-உம்.

'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்ற பழைய பல்லவியை இங்கேயும் பாடுவார்கள். இளநிலைப் படிப்பில் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் வெளியே தெரியும். ஆய்வுப் படிப்பில் நேர்காணல் அறைக்குள் முடிவாகிறது. உள்ளே போன பிறகும் எல்லாமே ஒரே ஒரு ஆளைப் பொறுத்தது: நெறியாளர். அவர் உங்களை எடுத்துக்கொண்டால்தான் ஆய்வு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை. அவர் பரிந்துரைத்தால்தான் அடுத்த வேலை. குருகுலத்தின் மிச்சம் இன்றைய பல்கலைக்கழகத்தில் அதிகமாக ஒட்டிக்கொண்டிருப்பது முனைவர் பட்டத்தில்தான்.

சேலம் மாவட்டத்தின் செந்தில்குமாரை மறந்துவிடக்கூடாது. பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். சேர்ந்து மாதங்கள் கழிந்தும் அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் உயிரை விட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். பல மாதங்களாக நின்றுபோன உதவித்தொகையைத் தன் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டவர்.

எங்கள் மாவட்டத்தில் ஆய்வு, அறிவியல் என்றாலே அப்துல் கலாம் படம்தான். பள்ளிச் சுவர்களில் எல்லாம் இருக்கிறார். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் ஒரு முஸ்லிம் சிறுவன் உட்காரக்கூடாது என்று புதிதாக வந்த ஆசிரியர் தன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியதை அவரே 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். கனவு காணச் சொல்லும் படத்தை மாட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதில்லை. கனவுக்குப் பஞ்சமில்லை. பெஞ்சுதான் பிரச்சினை.

இரண்டு கேள்விகள்

இப்படிச் சொல்லும்போது இரண்டு கேள்விகள் வரும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, வீட்டிலிருந்து வருவது. "இருபத்திரண்டு வயசுல வேலைக்குப் போனா மாசம் பணம் வரும். இன்னும் அஞ்சு வருஷம் படிக்கிறேன்னா யாருய்யா சோறு போடுறது?" இதற்குக் கோபப்பட நமக்கு உரிமை இல்லை. கரி மூட்டத்தில் நின்று படிக்கவைத்த அம்மாவிடம் 'அறிவுக்காக' என்று பேசுவது எளிது. எனவே கணக்காகவே பேசுவோம். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு முதல் வேலையில் கிடைக்கும் சம்பளத்தைவிட இது குறைவு அல்ல. சிக்கல் தொகையில் இல்லை, அது வருமா, எப்போது வரும் என்பதில் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகைக்கு 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். முதல் தலைமுறை மாணவருக்கு ஆறு மாதத் தாமதம் என்பது படிப்பை விட்டுவிடுவதற்குச் சமம். ஆகவே வீட்டாரின் கேள்விக்கு மாணவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசும், அரசை நெருக்க வேண்டிய இயக்கங்களும்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தோழர்களிடமிருந்து வருவது. "இந்தத் தொழில்நுட்பமே முதலாளிகளுக்கும் கண்காணிப்புக்கும்தான். அதற்குள் நம் பிள்ளைகளை ஏன் அனுப்ப வேண்டும்?" கண்காணிப்பு பற்றிய பயம் சரியானது. பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்கள் நமக்கு இடம் கொடுத்துவிடும் என்ற மயக்கமும் எனக்கு இல்லை. 2020 டிசம்பரில் டிம்னிட் கெப்ருவைக் கூகுள் வெளியேற்றியது. 2022 ஏப்ரலில் அதே நிறுவனம், சாதி பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தமிழர் தேன்மொழி சௌந்தரராஜனின் உரையை ரத்து செய்தது. ஆனால் நாம் ஒதுங்கினால் மாதிரிகள் நின்றுவிடப் போவதில்லை. கடனும் காப்பீடும் வேலைத் தேர்வும் நம்மைக் கேட்காமல்தான் அவற்றின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நீதிமன்றத்தில் சாதிய வழக்கை நடத்த நமக்கு வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள், உருவாக்கினோம். நாளை 'காலனி' என்ற சொல்லுக்காகக் கடன் மறுத்த மாதிரியைக் கூண்டில் ஏற்ற, அதன் உள்ளே கைவிட்டுப் பார்க்கத் தெரிந்த சாட்சிகள் வேண்டும். நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கிறவர் அந்தச் சாட்சி சொல்ல முடியாது. பொதுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவரால் முடியும். நான் வேலையைவிட ஆய்வை வலியுறுத்துவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். விளம்பரம் பார்த்து லட்சக்கணக்கில் கோர்ஸுக்குக் கட்டாதீர்கள். மென்பொருள் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், மாதிரிக் கணக்கெடுப்பு முறைகள் மாறாது. அவற்றை ராமநாதபுரத்து அரசுக் கல்லூரியில் கணிதம் படித்தும் கற்றுக்கொள்ளலாம். பெயரில் 'ஏஐ' இருக்கும் படிப்புதான் வேண்டும் என்பதில்லை. ஜேஇஇ இல்லாமல் சேரும் வகையில் சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள பட்டியலினக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு. முதுநிலை முதலாண்டிலேயே நெட் தேர்வுக்குத் தயாராகத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊரிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊராட்சியில் பயிர்க் காப்பீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி.

இயக்கங்களுக்கு. நாம் மாலைநேரப் பள்ளிகள் நடத்தினோம், போட்டித்தேர்வு மையங்கள் நடத்துகிறோம். ஆய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி, நேர்காணலில் என்ன கேட்பார்கள், எந்தத் துறையில் எந்த நெறியாளர் நம் மாணவர்களை மதிக்கிறார் என்று சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஓர் அமைப்பும் இல்லை. ஆதிக்க சாதிப் பிள்ளைக்கு இந்தத் தகவல் சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. நாம் அதைப் பொதுவில் வைக்க வேண்டும். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் கைகொடுக்க ஒரு சுழல்நிதி வேண்டும். ஏற்கெனவே ஆய்வில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு மாணவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிச்செல்ல வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் துறைவாரியாக, ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர், முடித்தவர், இடையில் நின்றவர் ஆகிய கணக்கைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் நெறியாளரை ஒதுக்குவது கட்டாயமாக வேண்டும். அரசு வாங்கும், அரசு பயன்படுத்தும் எந்த இயந்திரக் கற்றல் மாதிரியும் சாதி வாரியாகச் சோதிக்கப்பட்டு, அந்த முடிவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பின் தரவை வகைப்படுத்தும் குழுக்களில் பட்டியலின, பழங்குடிப் புள்ளியியலாளர்கள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு அவகாசம் குறைவு. 2027-இல் வீடு வீடாக வந்து கேட்பார்கள். உங்கள் தெருவில் யாரும் விடுபடாமல், யாருடைய பெயரும் மாற்றி எழுதப்படாமல் பார்த்துக்கொள்வது இன்றைய கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய முதல் தரவு அறிவியல் வேலை. அதற்கு எந்தக் கோர்ஸும் வேண்டாம். எண்ணி முடித்த பிறகு அந்த எண்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் மேசை ஒன்று இருக்கும். அங்கே உட்காரப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பை இந்த ஆண்டே தொடங்குங்கள்.